தகுதி இருந்தும் ஏன் என்னை எடுக்கவில்லை?

"தங்களைவிடக் கூடுதல் தகுதி வாய்ந்த ஒருவரைத் தேர்வு செய்திருப்பதால் தங்களது விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை." பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது எனக்கு வந்த கடிதத்தில் இருந்த வரி இது. மற்ற வரிகளெல்லாம் மறந்துவிட்டன. இது மட்டும் எழுத்து மாறாமல் நினைவில் நிற்கிறது. அவர்கள் கேட்டது ஒரு பட்டமும் மூன்று ஆண்டு அனுபவமும். என்னிடம் இரண்டு பட்டங்களும் ஏழு ஆண்டு அனுபவமும் இருந்தன. விண்ணப்பிக்கும் முன்பே விளம்பரத்தை வெட்டி ஒரு தாளில் ஒட்டி, அவர்கள் கேட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தேன். ஒன்பது டிக்குகள். ஒன்றுகூட விடுபடவில்லை. கடிதம் வந்த இரவு அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பதையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். எதில் குறைந்துபோனேன் என்று தேடினேன்.

அந்தத் தாளில் விடை கிடைக்காது என்பது புரியப் பல ஆண்டுகள் ஆயின. பிறகு நானே தேர்வுக் குழுக்களில் உட்கார நேர்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நன்றாகப் படித்தவர்கள், கேட்ட அனுபவத்தைவிட அதிகம் வைத்திருப்பவர்கள் ஏன் விடுபட்டுப் போகிறார்கள், விடுபட்டவர் மனம் ஏன் அத்தனை கொதிக்கிறது என்பதை, இதைப் பற்றி முதன்முறையாக யோசிப்பவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

குழப்பம் 'தகுதி' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. இந்த ஒரு சொல்லை நாம் இரண்டு இடங்களில் வைத்துப் பேசுகிறோம். "இந்தப் பணிக்கான குறைந்தபட்சத் தகுதி" என்று விளம்பரம் சொல்லும்போது அது ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் விண்ணப்பிக்கலாம், அந்தப் பக்கம் நிற்பவர் விண்ணப்பிக்க முடியாது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் "அந்த வேலைக்கு அவர்தான் தகுதியானவர்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது பொருள் வேறாகிவிடுகிறது. அந்த வேலை அவருக்குச் சேர வேண்டியது, வேறொருவருக்குப் போனால் அது பறிப்பு என்ற உரிமைக் குரல் அதற்குள் இருக்கிறது.

முதல் தகுதிக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள் மட்டுமே உண்டு. மூன்று ஆண்டு கேட்ட இடத்தில் ஏழு ஆண்டு வைத்திருந்தாலும் விடை வெறும் 'ஆம்'தான். இரண்டு 'ஆம்' என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை. இரண்டாவது தகுதி ஓர் ஒப்பீடு. வந்திருப்பவர்களில் இந்த நாற்காலிக்கு, இந்த நேரத்தில், யார் பொருந்துகிறார் என்ற கேள்விக்கான விடை அது. அந்த ஒப்பீட்டில் எதை வைத்து அளக்கப் போகிறார்கள் என்பதை விளம்பரம் பெரும்பாலும் சொல்வதே இல்லை. நான் டிக் போட்டது முதல் தகுதிக்கு. என்னை நிராகரித்தது இரண்டாவது தகுதியை வைத்து. கடிதமோ இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியது. அதனால்தான் அந்த வரி என் படிப்பையே பொய் என்று சொல்வதுபோல் பட்டது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. கூடைப்பந்து ஆட உயரம் பெரிய பலம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே எல்லோரும் உயரமானவர்கள். யாரைக் களத்தில் இறக்குவது என்று பயிற்சியாளர் முடிவெடுக்கும்போது உயரம் அவருக்கு அதிகம் உதவாது. கைவேகம், மூச்சுப் பிடிப்பு, சக ஆட்டக்காரரைப் பார்க்கும் பார்வை என்று வேறு எதையாவதுதான் அவர் தேட வேண்டியிருக்கும். உயரத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அந்த அறைக்குள் அதை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை, அவ்வளவுதான். வேலைத் தேர்விலும் இதுவே நடக்கிறது. முதல் வடிகட்டலில் பட்டத்தையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் பலரை ஒதுக்குகிறார்கள். மிஞ்சும் பத்துப் பேருக்கும் பட்டமும் அனுபவமும் இருப்பதால், அதற்குப் பிறகு அவை முடிவைத் தீர்மானிப்பதில்லை. உங்களை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்த அதே பலம், உள்ளே வந்ததும் எல்லோரிடமும் இருக்கும் பொருளாகிவிடுகிறது.

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம்

ஒரு சிறிய கணக்குப் போடலாம். நேர்காணலுக்கு எட்டுப் பேரை அழைத்திருக்கிறார்கள், எட்டுப் பேருமே வேலையைச் செய்யக்கூடியவர்கள், எட்டுப் பேருக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வேலை, ஏழு பேருக்கு இல்லை. அதாவது ஒருமுறை தோற்பதற்கான வாய்ப்பு எட்டில் ஏழு. இதே நிலையில் ஒருவர் ஐந்து நிறுவனங்களின் இறுதி எட்டுக்குள் வருகிறார். ஐந்திலும் தோற்பதற்கான வாய்ப்பு என்ன? எட்டில் ஏழை ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 51 சதவீதம். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்று வரை வருகிற, வேலை தெரிந்த ஒருவர், ஐந்து முறை தொடர்ந்து தோற்பதற்குப் பாதிக்கும் மேல் வாய்ப்பிருக்கிறது. பத்து முறை தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்புகூட 26 சதவீதம்.

இந்தக் கணக்கை முதன்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஐந்தாவது நிராகரிப்புக்குப் பிறகு "என்னிடம்தான் ஏதோ பெரிய கோளாறு" என்று முடிவு கட்டிப் படுத்துக்கிடந்த என் நண்பன் ஒருவனை நினைத்துக்கொண்டேன். ஐந்து தோல்வி என்பது அவனைப் பற்றி அவன் நினைத்த அளவுக்கு எதையும் சொல்லவில்லை. எட்டுப் பேர் நிற்கும் வரிசையில் ஓரிடம் இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

எல்லோரும் சமமாக இருப்பதில்லையே, உண்மையில் சிறந்தவரை நேர்காணல் கண்டுபிடித்துவிடாதா என்று கேட்கலாம். அதற்கும் விடை இருக்கிறது. அது ஆறுதலானதா என்பது வேறு விஷயம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் எவ்வளவு துல்லியமானவை என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள். தேர்வில் ஒருவர் வாங்கிய மதிப்பெண்ணும், பின்னர் வேலையில் அவர் காட்டிய திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1. சம்பந்தமே இல்லையென்றால் 0. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் ஆகிய இருவரும் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் இடும் கட்டமைந்த நேர்காணலுக்கு அவர்கள் கண்ட எண் 0.51. தோன்றியபடி பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.38. ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு 0.10 மட்டுமே.

2022-இல் பால் சாக்கெட்டும் அவருடன் மூவரும் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தார்கள். பழைய கணக்கில் செய்யப்பட்ட திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி, கட்டமைந்த நேர்காணலுக்கு 0.42, கட்டமைப்பில்லாததற்கு 0.19 என்று இறக்கினார்கள். இந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், வேலைத் திறனில் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் எத்தனை பங்கை அந்தத் தேர்வு முன்கூட்டிச் சொல்கிறது என்பது கிடைக்கும். 0.42 என்றால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 0.19 என்றால் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் அந்த அறைக்குள் தெரியாதவை. இருப்பவற்றில் நல்ல கருவி என்று சொல்லப்படும் முறையின் நிலையே இதுதான். அரைமணி நேரம் பேசிப் பார்த்து ஒருவர் சொல்லும் 'வேண்டாம்', உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பாக இருக்கவே முடியாது.

அழிப்பான் தூள்

நான் உட்கார்ந்த ஒரு குழுவின் மேசையைச் சொல்கிறேன். மூன்று பேர் குழு. ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். மாலையில் கூட்டிப் பார்த்தபோது ஒரு பெண்ணுக்கு என் தாளில் 78, ஓர் இளைஞருக்கு 77. மற்ற இருவர் தாள்களிலும் ஏறத்தாழ இதே நெருக்கம். படிப்பிலும் அனுபவத்திலும் அந்தப் பெண் தெளிவாக முன்னே இருந்தார். அதை மூவருமே சொன்னோம். அப்போது எங்களில் மூத்தவர் அழிப்பானை எடுத்து, இளைஞருக்கு ஒரு தலைப்பில் போட்டிருந்த 13-ஐ அழித்து 15 என்று எழுதினார். அழிப்பான் தூளைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே காரணம் சொன்னார்: "நாம் இப்போது மாறப்போகும் மென்பொருளில் இந்தப் பையன் ஏற்கெனவே வேலை பார்த்திருக்கிறான். திங்கட்கிழமையே உட்கார வைக்கலாம்."

அந்த மென்பொருளைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்கூட இல்லை. விளம்பரம் எழுதியபோது மாறும் முடிவே எடுக்கப்பட்டிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பெரியவர் நேர்மையானவர். யாருக்கோ வேண்டியவர் என்று அந்த இளைஞரை அவர் தூக்கிவிடவில்லை. நிறுவனத்துக்கு அன்று இருந்த அவசரத்தைப் பார்த்தார். இரண்டு மதிப்பெண்ணில் முதலிடம் மாறியது. அந்த இரவு அந்தப் பெண் தன் பட்டங்களை எண்ணிப் பார்த்திருப்பார், நான் ஒரு காலத்தில் டிக்குகளை எண்ணியதைப் போல.

இதைச் சொல்வதால் தேர்வுக் குழுக்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் போட்ட பிறகு அழித்து எழுதுவது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்று நான் வாய் திறக்கவில்லை; திறந்திருக்க வேண்டும்.

அதிகம் படித்ததே குறையாகும் விந்தை

நிராகரிப்புகளிலேயே மிகவும் வலிப்பது இதுதான்: "நீங்கள் இந்த வேலைக்குத் தேவைக்கு மேல் படித்தவர்." கேட்பவருக்கு இது வேடிக்கை காட்டுவதுபோல் இருக்கும். கூடுதலாக இருப்பது எப்படிக் குறையாக முடியும்?

பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில், வேலை கொடுப்பவரின் அடிப்படைச் சிக்கலை எடுத்துக்கொண்டார். வந்திருப்பவரின் உண்மையான திறமை வேலை கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் பட்டம் போன்ற அடையாளங்கள். திறமையுள்ளவருக்கு ஒரு பட்டத்தை வாங்குவது எளிது, இல்லாதவருக்குக் கடினம் என்று இருக்கும்வரை, பட்டம் திறமையைப் பற்றிய நம்பகமான சைகையாக வேலை செய்யும். பட்டத்தில் கற்றது வேலைக்கு உதவாவிட்டாலும்கூட அது சைகையாகப் பயன்படும் என்பதே அவர் வாதத்தின் கூர்மையான பகுதி. இந்தத் துறையில் செய்த பணிகளுக்காக 2001-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை ஜார்ஜ் அகெர்லாஃப், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

சைகை என்று ஆகிவிட்டால், அதை அனுப்புபவர் நினைத்த பொருளிலேயே பெறுபவர் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "எனக்கு இந்த வேலை நன்றாக வரும்" என்று சொல்வதற்காக நீங்கள் காட்டும் கூடுதல் பட்டத்தை, எதிரே இருப்பவர் "இவர் ஆறு மாதத்தில் வேறு நல்ல இடம் பார்த்துப் போய்விடுவார்" என்று படிக்கலாம். "இந்தச் சம்பளத்தில் மனநிறைவோடு இருக்கமாட்டார்" என்று படிக்கலாம். தன்னைவிட அதிகம் படித்தவரைத் தனக்குக் கீழே வைத்து வேலை வாங்கக் கூச்சப்படும் மேலாளரும் உண்டு. அதை அவர் வெளியே சொல்லமாட்டார். இந்தப் பயங்கள் உங்கள் விஷயத்தில் உண்மையாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவற்றை யாரும் வாய்விட்டுக் கேட்காததால், நீங்கள் மறுத்துப் பேசும் வாய்ப்பே வருவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது: ஏன் இந்த வேலை வேண்டும், எத்தனை காலம் இருக்க எண்ணுகிறீர்கள், சம்பளம் தெரிந்தேதான் வந்திருக்கிறீர்களா என்பதை விண்ணப்பக் கடிதத்திலேயே இரண்டு வரியில். பட்டத்தை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உழைத்து வாங்கியதை ஒளித்து வைக்கச் சொல்லும் யோசனையில் ஓர் அவமானம் இருக்கிறது.

சில நேரம் அது அநியாயமேதான்

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் கெட்ட எண்ணம் இல்லாமலே தகுதியானவர் விடுபடும் வழிகள். ஆனால் எல்லா நிராகரிப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. பெயரைப் பார்த்து, பாலினத்தைப் பார்த்து, வயதைப் பார்த்து, பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்துவது உலகெங்கும் நடக்கிறது.

அதை எப்படி நிரூபிப்பது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை இருக்கிறது. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் ஆகிய இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனையான தன்விவரக் குறிப்புகளை அனுப்பினார்கள். குறிப்பில் இருந்த பெயர் வெள்ளையருடையதுபோல் ஒலிப்பதா, கறுப்பினத்தவருடையதுபோல் ஒலிப்பதா என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். 2004-இல் வெளியான முடிவு: வெள்ளையர் பெயருக்கு ஏறத்தாழ 10 குறிப்புகள் அனுப்பினால் ஓர் அழைப்பு வந்தது, கறுப்பினப் பெயருக்கு ஏறத்தாழ 15 அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த ஆய்வில் என்னை அதைவிட அதிகம் உறுத்தியது இன்னொரு முடிவு. சில குறிப்புகளில் கூடுதல் அனுபவம், கூடுதல் திறன்கள் என்று தரத்தை உயர்த்தியும் அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயருக்கு, தரம் உயர்ந்ததும் அழைப்புகள் 30 சதவீதம் கூடின. கறுப்பினப் பெயருக்கு அந்த உயர்வு மிகவும் சொற்பம். "இன்னும் கொஞ்சம் படி, இன்னொரு சான்றிதழ் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒதுக்கப்படுபவருக்கே நாம் சொல்லும் அறிவுரை எவ்வளவு அரைகுறையானது என்பதை இது காட்டுகிறது. கூடுதல் தகுதிக்குக் கிடைக்கும் பலனே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இதைவிட மென்மையான வடிவமும் உண்டு. சமூகவியலாளர் லாரன் ரிவேரா, அமெரிக்காவின் உயர்மட்ட ஆலோசனை நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், சட்ட நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆளெடுக்கும் 120 பேரிடம் பேசி 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்களைப் போன்ற பொழுதுபோக்கும் பேச்சு நடையும் வாழ்க்கைப் பின்னணியும் கொண்டவர்களை அவர்கள் நாடுவது அதில் தெரியவந்தது. "நமக்குச் சரிப்பட்டு வருவார்" என்ற வாக்கியத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். சொல்பவருக்கே அது தெரியாது.

ஒரே ஒரு நிராகரிப்பை வைத்துக்கொண்டு அது எந்த வகை என்று விண்ணப்பித்தவரால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 5,000 குறிப்புகளை அனுப்பினால்தான் தெரிகிற உண்மை, ஒற்றைக் கடிதத்தில் எப்படித் தெரியும்? எனவே "நீ மனத்தில் கற்பனை செய்துகொள்கிறாய்" என்று அவரிடம் சொல்பவர்களுக்கும் அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

மனம் ஏன் இப்படிக் கொதிக்கிறது

தகுதியே இல்லாத வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனால் யாரும் இரவெல்லாம் விழித்திருப்பதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாதபோதுதான் வலிக்கிறது. இந்த உணர்வுக்குச் சமூகவியலில் 'ஒப்பீட்டு இழப்புணர்வு' என்று பெயர். அது பேச்சுக்கு வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளர் தலைமையில் அமெரிக்கப் படைவீரர்களிடம் பெரிய அளவில் கருத்துக் கேட்டார்கள். முடிவுகள் 1949-இல் வெளியாயின. வான்படைப் பிரிவில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது. இராணுவக் காவல் பிரிவில் மிகவும் மெதுவாகக் கிடைத்தது. யார் அதிகம் மனம் நொந்திருப்பார்கள்? இராணுவக் காவலர்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உயர்வு வாய்ப்பைப் பற்றி அதிகம் குறைபட்டுக்கொண்டவர்கள் வான்படையினர்.

காரணத்தை இப்படி விளக்கினார்கள்: தன்னைச் சுற்றி யாருக்குமே உயர்வு வராதபோது, வராதது இயல்பாகத் தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் வந்து தனக்கு மட்டும் வராதபோது அது இழப்பாகிறது. எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, யாரோடு ஒப்பிட்டு எவ்வளவு எதிர்பார்த்தோம் என்பதே மனக்கொதிப்பைத் தீர்மானிக்கிறது. படிப்பு நம் ஒப்பீட்டுக் கூட்டத்தையே மாற்றிவிடுகிறது. உடன் படித்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதே நம் அளவுகோலாகிவிடுகிறது. அதனால்தான் தகுதி கூடக் கூட நிராகரிப்பின் வலியும் கூடுகிறது. பேராசையால் வரும் வலி என்று இதைத் தள்ளிவிட முடியாது. "உழைத்தால் கிடைக்கும்" என்று சிறுவயது முதல் நமக்குக் கொடுக்கப்பட்ட வாக்கை நம்பியதால் வரும் வலி இது.

வலியை இரண்டு மடங்காக்குவது மௌனம். ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் ஆகியோர் 1970-களில் நீதிமன்ற வழக்குகளை மாதிரியாக வைத்துச் செய்த ஆய்வுகளில், தீர்ப்பு தமக்கு எதிராக வந்தாலும், தம் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்திருந்தால் மக்கள் அதை நியாயமானதாக ஏற்கிறார்கள் என்று தெரிந்தது. வேலை தேடுபவருக்கு அந்த இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூன்று சுற்று நேர்காணல் வைத்துவிட்டு, பிறகு ஒரு வரி பதில்கூட அனுப்பாத நிறுவனங்கள் ஏராளம். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: ஒருவருடைய மூன்று நாட்களை வாங்கிக்கொண்டு மூன்று வரி எழுத மறுப்பது மரியாதைக் கேடு.

எங்கே விழுந்தீர்கள் என்று பாருங்கள்

நிராகரிப்பு எல்லாமே ஒரே கசப்பாக இருந்தாலும், எந்தப் படியில் நின்றுபோனது என்பது வேறுவேறு செய்திகளைச் சொல்கிறது. இருபது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லையென்றால், நேர்காணல் திறமையைப் பற்றிக் கவலைப்படுவது வீண்; உங்களை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. குறிப்பு எழுதப்பட்ட விதம், போட்டி எவ்வளவு நெருக்கமானது, முன்னரே யாரையாவது மனத்தில் வைத்து விளம்பரம் கொடுக்கும் வழக்கம் அந்தத் துறையில் உண்டா, மேலே சொன்ன பாரபட்சம் குறுக்கே நிற்கிறதா என்பவற்றை அங்கே பார்க்க வேண்டும். விளம்பரத்தின் வழியே போகாமல் ஆள் வழியே செய்தி போவதும் இங்கேதான் உதவும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் காட்டியது இதைத்தான்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவருக்குத்தான் உங்களுக்குத் தெரியாத ஓர் இடம் தெரிந்திருக்கும்.

அழைப்பு வந்து நேர்காணலில் நின்றுபோகிறது என்றால், தகுதி பற்றிய கேள்வி முடிந்துவிட்டது என்று பொருள். அழைத்ததன் மூலமே அதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதன் பிறகும் பட்டங்களையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே திறந்த கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போலாகும். அன்று அவர்களுக்கு இருக்கும் அவசரம் என்ன என்பதைத்தான் அங்கே தெரிந்துகொள்ள வேண்டும். "இந்த இடத்துக்கு வருபவர் முதல் மூன்று மாதத்தில் எதை முடித்துக் கொடுத்தால் உங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். நான் சொன்ன அந்தப் பெண் இப்படிக் கேட்டிருந்தால், மென்பொருள் மாற்றம் பேச்சில் வந்திருக்கும். புதிய மென்பொருள்களை அவர் எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்பவர் என்பதை எங்களிடம் சொல்லியிருப்பார். எங்களுக்கும் அதை அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி இருவரில் ஒருவராக வந்து விடுபடுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஆனால் அந்தப் படியில் விழுந்தவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது: கோபம் ஆறிய பிறகு குழுவுக்கு ஒரு கடிதம். கெஞ்சலும் குற்றச்சாட்டும் இல்லாமல், எந்த இடத்தில் மற்றவர் பொருத்தமாகப் பட்டார் என்று கேட்டு, மீண்டும் இடம் வந்தால் தெரிவிக்கும்படி எழுதலாம். பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். போடுபவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அந்த 78 மதிப்பெண் பெண்ணுக்கான கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருந்த மாதிரிக் கடிதத்தில் "தங்களைவிடக் கூடுதல் தகுதி வாய்ந்த ஒருவரை" என்ற வரி அப்படியே இருந்தது. அதை அடித்துவிட்டு, "நாங்கள் மாறவிருக்கும் மென்பொருளில் முன்பே பழகிய ஒருவரை எடுத்திருக்கிறோம், மற்ற எல்லாவற்றிலும் தாங்கள் முன்னணியில் இருந்தீர்கள்" என்று எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். நான்கு மாதத்தில் அந்த இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அன்று மாலையே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வேறோர் இடத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.